நாகமங்கை எழுதிய கோட்டை

தை மாதத்து முழுமதி கொள்ளிடத்தின் கீழ்த்திசைத் தோப்புகளுக்கு மேலே எழுந்து, ஆற்று நீரையும், நடு ஆற்று மணல் திட்டுகளையும், அவற்றுக்கு அப்பால் காவற்காடு சூழ நின்ற கூவிளங்கோட்டையின் நெடுமதிலையும் ஒரே வெண்மையில் தோய்த்தெடுத்தது. ஆறு பாலாக ஓடியது என்று எழுதிவிட்டால் வாசகர்களுக்கு மனம் குளிரும். எமக்கும் வேலை எளிதாக முடியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கோட்டைக்குக் கிழக்கே, சாயக்காரர் துறையில், ஆறு சிவப்பாக ஓடியது. அது குருதியும் அன்று. சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்த துணிகளை அலசிய நீர்தான் கரையோரமாக அப்படிச் சிவந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தச் செந்நீரில் முழங்கால் அளவு நின்று, நீண்ட துணியொன்றின் முனையைப் பிடித்தபடி திண்டாடிக்கொண்டிருந்த இளைஞனைச் சாத்தன் என்று துறையில் அழைத்தார்கள். அவனுடைய உண்மைப் பெயர் சுந்தரத்தோளன் என்பதும், அதோ தெரிகிற கோட்டைக்கு அவனே இளவரசன் என்பதும் அந்தக் கரையில் அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. படையுதவி கேட்டுத் தாய்மாமனின் நாட்டுக்குப் போனவன், அறுவடை முடியட்டும் பார்க்கலாம் என்ற பதிலைச் சுமந்துகொண்டு திரும்பியபோது, ஆலங்காட்டு மாறப்ப தண்டநாயகரின் சேனை கோட்டையை வளைத்துக்கொண்டு கூடாரம் அடித்திருந்தது. உள்ளே அவன் அன்னை பெரிய நாச்சியாரும் முந்நூறு வீரர்களும் இருந்தார்கள். வெளியே அகப்பட்டவன் கூலி ஆளாக வேடம் பூண்டு, சாயக் கொப்பரைகளுக்கு விறகு தள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

கோட்டையின் அமைப்பு எளிமையானது. தெற்கே பெருவாசல், அதை யானைகளால் முட்டியும் தண்டநாயகரால் அசைக்க முடியவில்லை. வடக்கே ஆறு. கிழக்கிலும் மேற்கிலும் மூங்கிலும் முள்ளும் பின்னிக் கிடந்த காவற்காடு, மதில் எப்படி இருக்கிறது என்பதையே கண்ணில் காட்டாமல் மறைத்து நின்றது. அந்தக் கிழக்குக் காட்டுக்குள்ளே கோட்டைக்கு ஒரு கள்ளவாசல் இருந்தது. ஒற்றைக் கதவு, ஒரு காவலன். கோயிலுக்கு எழுதிய விதானங்களையும் படாங்கள் என்னும் சித்திரத் துணிகளையும் சாயக்காரர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அந்த வாசல் எதிரிக்குத் தெரிந்தால் ஒரு காலைப் பொழுதுக்குள் கோட்டை விழுந்துவிடும். சுந்தரத்தோளனுக்கு உண்ணும்போதும் உறங்கும்போதும் அந்தக் கவலை ஒன்றுதான்.

"சாத்தா, துணியைப் பிடிக்கச் சொன்னால் ஆட்டுக் கயிற்றைப் பிடித்த மாதிரி பிடிக்கிறாயே. விரித்துப் பிடி. மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் திட்டாக நிற்கும். அப்புறம் அந்தத் திட்டை யானை என்று சொல்லி நான் விற்கவா?"

இப்படிக் கேட்டவள் நாகமங்கை. தகப்பன் இறந்தபின் அந்தத் துறையில் எழுதுகோல் பிடிக்கிற கைகளில் முதற்கை அவளுடையது. அது அவளுக்கும் தெரியும். அதை மறைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய துணியைக் கண்டால் அவள் முகம் எப்படி மலருமோ, அந்த மலர்ச்சியில் பாதியையாவது தன்னிடம் காட்டமாட்டாளா என்று கூவிளங்கோட்டை இளவரசன் ஏங்கத் தொடங்கி நெடுநாள் ஆகிவிட்டது.

கரையேறியதும் அவள் இன்னொரு துணியை எடுத்து அவன் முன் விரித்தாள். அதன் ஓரத்தில் ஒரு மூலையை நிரப்பும்படி முந்தின நாள் அவனிடம் கொடுத்திருந்தாள்.

"இது என்ன?"

"இரண்டு கிளிகள்."

"கிளிகள் தெரிகின்றன. கிளிகளுக்கு நடுவே என்ன?"

"ஒன்றுமில்லை. வானம்."

"வானத்தை விலை கொடுத்து வாங்க எவன் வருவான்? துணியில் வெற்றிடம் விடக்கூடாது, சாத்தா. பூப் போடு, கொடி போடு, ஒன்றும் தோன்றாவிட்டால் புள்ளியாவது வை. வெறும் இடத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அதுவும் போகட்டும், இரண்டு கிளியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு சண்டை போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கின்றனவே. இந்தப் பக்கம் ஒன்று இருந்தால் அந்தப் பக்கம் ஒன்று இதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்."

"உண்மையில் கிளிகள் அப்படி எதிரெதிரே உட்கார்வதில்லையே."

"அது கிளிகளின் குற்றம்" என்றாள் நாகமங்கை.

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் போனவள், அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். ஈட்டி பிடித்த வீரர்கள் நால்வர் துறைக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கோயில் விதானம் எழுதியவள் யார் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அவளையும், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மாறப்ப தண்டநாயகரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் ரசிகராகவும் இருந்தார் என்பதுதான் சங்கடம். அவருடைய கூடாரத்தின் உட்புறம் முழுவதும் துறைமுகங்களிலிருந்து தேடித் தருவித்த சித்திரப் படாங்கள் தொங்கின. விளக்கொளியில் அவற்றின் நடுவே திண்டில் சாய்ந்திருந்த தண்டநாயகர், நாகமங்கையைப் பார்த்து எழுந்தே நின்றார்.

"வாருங்கள், அம்மணி. உங்கள் கையால் எழுதிய மீனாட்சி கல்யாணப் படாம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் உறங்குவதில்லை. எனக்கு நீங்கள் ஒரு துணி எழுதித் தர வேண்டும்."

"என்ன கதை எழுத வேண்டும், ஐயா?"

"கதை வேண்டாம். கோட்டை வேண்டும். விதானம் கட்டுவதற்காக நீங்கள் உள்ளே போய் வந்திருக்கிறீர்கள். கோட்டையை உள்ளும் புறமும், காட்டுக்குப் பின்னால் இருப்பது உட்பட, ஒன்று விடாமல் எழுதிக் காட்டுங்கள்."

நாகமங்கை மறுத்துத் தலையசைத்தாள். தண்டநாயகர் வற்புறுத்தவும் இல்லை. துறையிலிருந்து வந்த வீரர்களின் பக்கம் திரும்பி, அவளோடு வந்தவன் யார் என்று விசாரித்தார். கூலி ஆள், நாங்கள் போனபோது இந்த அம்மாளிடம் வசை வாங்கிக்கொண்டிருந்தான் என்றார்கள்.

"எவ்வளவு நேரம்?"

"நாங்கள் மேட்டிலிருந்து இறங்கி வருகிற நேரம் முழுவதும், ஐயா."

தண்டநாயகர் புன்னகை செய்தார். "அவ்வளவு நேரம் ஒருவனைத் திட்டுகிற பெண்ணுக்கு அவன் வேண்டாதவனாக இருக்க முடியாது. அம்மணி, கலைஞர்களின் மேல் நான் கை வைப்பதில்லை. அது பாவம். கலைஞர்களின் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றி எனக்கு அப்படி ஒரு விரதமும் கிடையாது."

ஒரு வீரன் சுந்தரத்தோளனை மண்டியிட வைத்தான். கழுத்தில் வாளின் குளிர் பட்டது. நான் இன்னார் என்று சொல்லிவிட்டால் அவளை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. அடுத்த கணமே, அப்படிச் சொன்னால் தண்டநாயகருக்குக் கோட்டைச் சித்திரமே தேவையில்லை, மகனை மதிலுக்கு முன்னால் நிறுத்தினால் தாய் கதவைத் திறந்துவிடுவாள் என்பதும் புரிந்தது. 

நாகமங்கை அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எழுதுகிறேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது கூவிளங்கோட்டையின் இளவரசனுக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கோட்டை போகிறதே என்று அவன் பதறவில்லை. பிழைத்தோம் என்று மகிழ்ந்தான். தாயின் முகமும், முந்நூறு வீரர்களின் முகங்களும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. வந்தபோது வெட்கம் அவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. உயிருக்கு ஆசைப்படுவது மனித இயல்புதான் என்றாலும், அரச குலத்தில் பிறந்தவர்களுக்கு அது வெளியே சொல்லத்தக்க இயல்பு அன்று.

மறுநாள் காலை கூடாரத்தின் முன்னே பெரிய பந்தல் போட்டு, ஊட்டி உலர்த்திய வெள்ளைத் துணியை விரித்தார்கள். கைகள் பின்னால் கட்டுண்ட நிலையில் இளவரசனும் அங்கே உட்காரவைக்கப்பட்டான். தண்டநாயகர் அறிவாளி. ஆகவே முதலில் ஒரு பரீட்சை வைத்தார்.

"கோட்டையின் உட்புறத்தை நான் பார்த்ததில்லை, என் பாசறையைப் பார்த்திருக்கிறேன். இதை முதலில் எழுதுங்கள். உங்கள் கை உண்மை பேசுகிறதா என்று பார்க்கிறேன்."

நாகமங்கை ஆற்றங்கரையையும் பாசறையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு புளியங்குச்சிக் கரியை எடுத்து, முதலில் துணியின் நான்கு பக்கமும் ஓரம் கட்டினாள். ஓரம் கட்டாமல் உள்ளே கோடு இழுக்கிற வழக்கம் அவள் குலத்தில் இல்லை. ஓரம் கட்டி முடிவதற்குள் தண்டநாயகரின் துணைத் தளபதியான பொம்மண்ணர் கொட்டாவி விட்டுச் சலித்துப்போனார். பிறகு எழுதுகோலை எடுத்தாள். மூங்கில் முனையில் சுற்றிய கம்பளிப் பந்தை அழுத்த அழுத்த, இரும்பும் கருப்பட்டியும் ஊறிய கறுப்பு நீர் சீராக இறங்கிக் கோடாக ஓடியது. துணியின் நடுவே தண்டநாயகரின் கூடாரம் எழுந்தது. அதற்குள் தண்டநாயகர் உட்கார்ந்தார்; அவரைச் சுற்றி நின்ற வீரர்கள் அவருடைய இடுப்பு உயரம்கூட இல்லை. யானைகளும் குதிரைகளும் இருபுறமும் வரிசையாக நின்று அவரையே நோக்கின. எங்கும் விரல் வைக்க இடமில்லாமல் பூவும் கொடியும் பறவையும் நிரம்பின.

பொம்மண்ணர் குனிந்து பார்த்தார். அவர் ரசிகர் அல்லர். குதிரைக் கொட்டடிக்குப் பொறுப்பாளர்.

"ஐயா, நம் கொட்டடி மேற்கே ஒன்றுதானே இருக்கிறது. இதில் கிழக்கேயும் ஒன்று நிற்கிறதே. அந்தக் குதிரைகள் யாருடையவை?"

"அது அழகுக்காக, பொம்மண்ணரே" என்றார் தண்டநாயகர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். தம்மை அவ்வளவு பெரியவராகவும், உலகம் முழுவதும் தம்மையே பார்ப்பதாகவும் எழுதிய ஒரு சித்திரத்தில் பொய் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் எமக்கும்கூடத் தோன்றியிருக்காது. "இந்தக் கை உண்மை பேசுகிறது. கோட்டையை எழுதச் சொல்லுங்கள்."

பகல் முழுவதும் அவள் எழுதினாள். இளவரசன் உமிழ்நீரும் விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் கட்டினாள். தெற்கே பெருவாசல் எழுந்தது. இரண்டு பக்கமும் இரண்டு யானைகள் துதிக்கை தூக்கி நின்றன. நடுவே கூவிளநாதர் கோயில், அரண்மனையைவிடப் பெரிதாக. வடக்கே ஆறு, ஆறு நிறைய மீன். பிறகு கோல் கிழக்கே போனது. மூங்கில் காடு முளைத்தது. காட்டின் நடுவே ஒரு சிறிய வாசல் முளைத்தது. ஒற்றைக் கதவு, ஒரு காவலன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தான்.

திறந்தபோது அவள் மேற்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். அங்கும் மூங்கில் காடு முளைத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே, கிழக்கே இருந்ததைப் பார்த்தபடி, இன்னொரு சிறிய வாசல். ஒற்றைக் கதவு, ஒரு காவலன், அவன் கையில் அதே வேல்.

மேற்கே வாசல் கிடையாது. அந்த இடத்தில் கோட்டையின் நெற்களஞ்சியம். அதன் பின்சுவரும் மதிலும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பாறைக் கட்டு. சுந்தரத்தோளன் பிறந்ததிலிருந்து அறிந்த இடம்.  அடிப்பாவி, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு என்று மனத்துக்குள் கொண்டாடினான். கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு கேட்டவனுக்கு முன்னால், கண் இமைக்காமல் இல்லாத வாசலை எழுதுகிறாளே. இவளா என்னை விறகு தள்ளத் தெரியாதவன் என்று ஏசிக்கொண்டிருந்தவள் என்று அவன் உள்ளம் பொங்கியது. அந்தப் பகல்பொழுதில் அவன் அவளுக்கு முழு அடிமையானான்.

தண்டநாயகர் இரண்டு வாசல்களின் மேலும் விரலை மாறி மாறி வைத்தார். "எது நல்லது?"

இப்போது தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று இளவரசன் துணிந்தான். கூலி ஆளுக்குரிய பணிவோடு வாய் திறந்தான்.

"சாமி, கிழக்கே போகாதீங்க. துணி அலசப் போனப்போ நான் பார்த்திருக்கேன். காட்டை ஒட்டி இடுப்பளவு சேறு. யானை இறங்கினா ஏறாது."

அது உண்மைதான். தண்டநாயகர் தலையசைத்தார். ஆனால் நாகமங்கை சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அவன் சொல்வதைக் கேட்காதீர்கள், ஐயா. சேறெல்லாம் காய்ந்துவிட்டது. கிழக்கே போங்கள். கிழக்கு வாசல்தான் நல்லது."

எவ்வளவு சாமர்த்தியம் என்று இளவரசன் வியந்தான். இவள் கிழக்கே போ என்று கெஞ்சினால் அவர் மேற்கே போவார் என்பதை எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டுவிட்டாள். அவன் நினைத்தபடியே நடந்தது. தண்டநாயகர் அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"என்னைச் சேற்றில் இறக்கிவிட உங்களுக்கு இவ்வளவு ஆசையா, அம்மணி? பொம்மண்ணரே, விடியும்போது மேற்கே. காட்டை வெட்டிக்கொண்டு போகலாம். வாசல் அங்கே இருந்தால் இவர்கள் இருவரும் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் இவன் தலையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள்."

நாகமங்கை எழுதுகோலைக் கீழே போட்டாள். அவனைக் கூடாரத்துக்குள் அடைக்க இழுத்துக்கொண்டு, அவளைப் பந்தலிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். போகும்போது அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வைக்கு அவன் வேறு பொருள் கொண்டான். துணிவு சொல்லிவிட்டுப் போகிறாள் என்று எண்ணினான்.

விடியற்காலையில் நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆலங்காட்டுச் சேனையின் பெரும்பகுதி மேற்குக் காவற்காட்டை ஒற்றையடி அகலத்துக்கு வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. முன்னே போனவர்கள் பாறைச் சுவரில் முட்டி நின்றார்கள். பின்னே வந்தவர்கள் வாசல் திறந்துவிட்டது என்று எண்ணி நெருக்கித் தள்ளினார்கள். மதில் மேலிருந்து அம்பும் கொதிநெய்யும் இறங்கின. திரும்ப இடமில்லாத அந்த மூங்கில் சந்தில் தண்டநாயகர் காலில் அம்பு தைத்து விழுந்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பொம்மண்ணர் ஓடினார். பாசறையில் எஞ்சியிருந்தவர்கள் அதைப் பார்த்துத் தாமும் ஓடினார்கள். ஓடியவர்களில் யாரோ விளக்கைத் தட்டிவிட, படாங்கள் தொங்கிய அந்தப் பெரிய கூடாரம் தீப்பற்றி எரிந்தது.

தலையை வாங்க நின்ற காவலனும் ஓடிவிட்டான். சுந்தரத்தோளன் எரிகிற கூடாரக் கழியில் கைக்கட்டைத் தீய்த்து அறுத்துக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றில் விழுந்து புரண்டு, கிழக்கு வாசலைத் தட்டி உள்ளே போனான். சற்றைக்கெல்லாம் பெருவாசல் வழியே வீரர்களோடு குதிரை மேல் வெளியே வந்தான். மாலைக்குள் கொள்ளிடக் கரையில் ஆலங்காட்டான் ஒருவனும் இல்லை.

துறைக்கு ஆள் அனுப்பி நாகமங்கையைத் தேடச் சொன்னான். அவள் எரிந்த கூடாரத்தின் சாம்பலைக் கையால் கிளறிக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் வரவில்லை என்று சொன்னார்கள். களைப்பாக இருப்பாள், நாளைச் சபைக்கு அழைத்து வாருங்கள் என்றான். சபையில் எல்லார் முன்னிலையிலும் தன்னை அவளுக்கு வெளிப்படுத்தி, அவள் முகம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. இளம் பிள்ளைகளின் புத்தி அப்படித்தான் போகிறது. அந்த ஓர் இரவு அவள் என்ன பட்டாள் என்பதை அவன் பிறகு வாழ்நாளெல்லாம் நினைத்து வருந்தினான்.

மறுநாள் கூவிளங்கோட்டையின் கொலுமண்டபம் நிறைந்திருந்தது. பெரிய நாச்சியார் சிங்காதனத்தில் வீற்றிருந்தார். முகபடாம் அணிந்த யானைகளும், வெற்றி முரசும், சாமரமும் அவரவர் கற்பனைக்கு விடப்படுகின்றன. சிங்காதனத்துக்கு இடப்புறம் பட்டும் முத்தாரமும் அணிந்து நின்ற இளவரசனை நாகமங்கை பார்க்கவில்லை. தரையையே பார்த்தபடி வந்து நின்றாள்.

"மகளே" என்றார் பெரிய நாச்சியார். "பகைவனின் வாளுக்கு எதிரே உன் எழுதுகோலைப் பிடித்து இந்தக் கோட்டையைக் காத்தாய். இல்லாத வாசலை எழுதி அவனை மதிலில் மோதவைத்த அந்தக் கைக்கு, என் கையில் இருக்கிற இந்தக் கடகத்தைப் பூட்டப் போகிறேன். அருகே வா."

நாகமங்கை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"வேண்டாம், தாயே. இந்தக் கைக்கு அது ஆகாது."

"ஏன்?"

"நான் கோட்டையைக் காக்கவில்லை. காட்டிக்கொடுத்தேன்."

 நாகமங்கை கூலிக் கணக்குச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

"கிழக்கு வாசலை உள்ளபடி எழுதினேன். அவர்கள் அதன் வழியாக வரட்டும் என்றுதான் எழுதினேன். மேற்கே நான் போனதே இல்லை, தாயே. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டிருக்க வேண்டும். கை விடவில்லை. கிழக்கே ஒரு வாசல் வந்துவிட்டதால் மேற்கே ஒன்று தானாக வந்துவிட்டது. எழுதி முடித்துக் கண்ணை எடுக்கும்வரை நானே அதைக் கவனிக்கவில்லை. பிறகு தண்டநாயகர் மேற்கே போகத் தலையசைத்தார். அங்கே வாசல் இல்லாவிட்டால் ஓர் உயிர் போகும் என்பதால், கிழக்கே போங்கள், கோட்டை அங்கேதான் திறக்கும் என்று அவரிடம் மன்றாடினேன். அவர் கேட்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்."

 பந்தலில் அவள் வெளுத்த முகத்தையும், திரும்பிப் பார்த்த பார்வையையும் சுந்தரத்தோளன் இப்போதுதான் சரியாகப் பார்த்தான். கோட்டையைக் காக்க அவர்கள் இருவரும் கூடிச் செய்த தந்திரம் என்று அவன் நினைத்திருந்தது எதுவும் நடக்கவே இல்லை. அவனைக் காப்பாற்ற அவள் தனியாகப் போராடியிருக்கிறாள். அவனே அதைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பெரிய நாச்சியாரின் குரல் மாறியிருந்தது. "கோட்டை வழியைப் பகைவனுக்குக் காட்டியவரின் வலக்கையை வெட்டுவது இங்கே வழக்கம். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும், தாயே."

"தெரிந்தும் வந்து சொல்கிறாய். யாருடைய உயிருக்காக என்னையும் முந்நூறு பேரையும் கொடுக்கத் துணிந்தாய்?"

"சாத்தன் என்று ஒருவன். எங்கள் துறையில் கூலிக்கு இருந்தான். விறகு தள்ளத் தெரியாது, துணி பிடிக்கத் தெரியாது." அவள் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "கூடாரத்தோடு எரிந்துபோனான். சாம்பலில் அடையாளம்கூடக் கிடைக்கவில்லை. இனி இந்தக் கை இருந்து என்ன, இல்லாமல் என்ன."

"மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால்?"

"மறுபடியும் கொடுப்பேன், தாயே. ஆனால் அப்போது ஒரு வாசல்தான் எழுதுவேன்."

சபையில் சிலர் சீறினார்கள். பெரிய நாச்சியார் கையுயர்த்தி அவர்களை அடக்கினார். அதற்குள் இளவரசன் படியிறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில், குற்றவாளிகள் நிற்கும் இடத்தில் நின்றான்.

"அன்னையே, குற்றவாளி ஒருவர் அல்லர், இருவர். இவள் எழுதுகிறேன் என்று சொன்னபோது நான் அங்கே இருந்தேன். கோட்டை போகிறதே என்று நான் துடிக்கவில்லை. பிழைத்தேன் என்று மகிழ்ந்தேன். இவளாவது இன்னோர் உயிருக்காக நினைத்தாள். நான் என் உயிருக்காக நினைத்தேன். வெட்டுவதானால் என் கையையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்."

அந்தக் குரலைக் கேட்டு நாகமங்கை தலைநிமிர்ந்தாள். பட்டையும் முத்தாரத்தையும் அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். கையை நீட்டி, அவன் தோளைத் தொட்டு, தசையும் எலும்புமாக இருக்கிறானா என்று அழுத்திப் பார்த்தாள். இளவரசரை ஒரு சாயக்காரப் பெண் சபை நடுவே தொடுவது தகாது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"நேற்று எங்கே இருந்தாய்?" என்றாள்.

"இங்கேதான்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லையா?"

அவள் முகத்தைப் பார்க்க வெட்கி அவன் தலைகுனிந்தான். 

பெரிய நாச்சியார் தம் மகனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்ற மகனின் உயிருக்கு விலையாகத் தம்மையே கொடுக்கத் துணிந்தவள் அவள் என்பது அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் தாம் இருந்தால் வேறு என்ன செய்திருப்போம் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நினைத்ததற்குத் தண்டனை கொடுப்பதானால் இந்தச் சபையில் கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் சிலரே இருப்பார்கள். நடந்ததற்குத்தான் தீர்ப்பு. காட்டிய வழியில் பகைவன் வரவில்லை, கோட்டை நிற்கிறது. கை இருக்கட்டும்."

இளவரசன் இடுப்பிலிருந்து உடைவாளை உருவி நாகமங்கையின் காலடியில் வைத்தான்.

"கூவிளநாதர் மேல் ஆணை. என்னை யார் என்று அறியாமலே, விறகு தள்ளத் தெரியாத கூலியாளாக எண்ணி, எனக்காக ஒரு கோட்டையைக் கொடுக்கத் துணிந்த கை இது. சம்மதித்தால் இந்தக் கையைப் பற்றுவேன். சம்மதிக்காவிட்டால் என் ஆயுள் உள்ளவரை வேறொரு கையைப் பற்றமாட்டேன். இந்தச் சபை சாட்சி."

சபை அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.  நாகமங்கை அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று அழுதாள். பந்தலில் வாளுக்கு முன்னால் அழாதவள், சாம்பலைக் கிளறியபோது அழாதவள், கையை வெட்டுவார்கள் என்று கேட்டபோதும் அழாதவள், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்காக வாய்விட்டு அழுதாள்.